மில்லைச் சுற்றிப் பதினாலு இடங்கள்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
2-4-1962, திங்கட்கிழமை.

மதுரையில் சகல மரியாதைகளோடும் வீற்றிருக்கும் மைத்துனர் ஸ்தனிஸ்லாஸ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை செபஸ்தியம்மாளின் கணவன் கஸ்பார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் பிள்ளைகளும் தேவ கிருபையால் சுகம். என் வலது முழங்காலில் மட்டும் ஒரு கட்டு இருக்கிறது. அது வெற்றியின் கட்டு. விவரம் கீழே வருகிறது. தங்கள் வீட்டு அக்காவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதவும்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தாங்கள் என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டு அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "மில்லு செத்துச்சு, அதோட உங்க ஊரும் செத்துப்போச்சு மாப்பிள்ள. பொணத்துக்குக் காவல் இருக்கிறதை விட்டுட்டு மதுரைக்கு வந்து சேருங்க" என்றீர்கள். தாங்கள் பஸ் ஏறிய மறுநாளே தங்கள் தங்கை டிரங்குப் பெட்டியைத் துடைத்துக் கூடத்தில் வைத்துவிட்டாள். மில்லில் டைம் கீப்பராக இருந்தவன் இப்போது புகையிலைக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறேன், அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்தது. "இந்த ஊர்ல போய்ப் பாக்குற மாதிரி ஒண்ணு காட்டுங்க. காட்டிட்டா நான் இங்கயே கிடக்கேன். இல்லாட்டி ஈஸ்டர் முடிஞ்சதும் அண்ணன் இருக்கிற பக்கம் வண்டி ஏறுறோம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மச்சான், எனக்கு இந்த ஊரை விட்டு வர மனசே இல்லை. அதைத் தங்களிடம் சொல்லவும் வெட்கம், அவளிடம் சொல்லவும் பயம். அதனால் ஒரு திட்டம் போட்டேன்.

திட்டம் என்னவென்றால், குடும்பத்தோடு ஒரு சனிக்கிழமை காலையில் மில்லைச் சுற்றி நடப்பது. வாசல் கேட், டைம் ஆபீஸ், பஞ்சுக் குடோன், பாய்லர், புகைபோக்கி, ரீலிங் கொட்டகை, துரை பங்களா, இடையிடையே இன்னும் சில என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் நேராக நின்று, அதன் சரித்திரத்தை நான் எடுத்துச் சொல்வது, கடைசியில் லைன் வீடுகளில் முதலில் கட்டிய வீடான நம் வீட்டு வாசலில் வந்து முடிப்பது. பிள்ளைகள் வழி தவறக் கூடாதே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாளியில் சுண்ணாம்பு கரைத்து, வெளியே ஒவ்வொரு இடத்துக்கும் நேராகச் சுவரில் எண் போட்டேன். டைம் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே வயசானவன் ஆனதால் ரோமன் எண்தான் கைக்கு வந்தது. கடிகாரம் பன்னிரண்டோடு நின்றுவிடும், அதற்கு மேலே இரண்டு எண்ணுக்கு மூத்தவளிடம் கேட்டுக்கொண்டேன். தேர்தல் முடிந்த பிறகும் சுவரில் எழுதுகிறானே என்று தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். நான் லட்சியம் செய்யவில்லை.

மச்சான், இப்போது தாங்கள் சிரிப்பீர்கள். தவக்காலம், சுவரில் ரோமன் எண், அதுவும் சரியாகப் பதினாலு. சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. கோயிலில் ஆண்டவர் சிலுவை சுமந்து போனதை நினைக்கும் சிலுவைப்பாதைக்குப் பதினாலு ஸ்தலம், ஒவ்வொன்றுக்கும் ரோமன் எண், ஒவ்வொன்றின் முன்னும் நின்று முழங்காலிட்டு ஜெபம் என்று தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தோன்றாதது பக்கத்து வீட்டு அமலராணி டீச்சருக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் காலையில் நான் குடும்பத்தோடு மில் கேட்டுக்கு வந்தால், அங்கே முக்காடு போட்ட பெண்கள் ஒரு பெரிய கூட்டம், கையில் ஜெபப் புத்தகம், டீச்சர் முன்னால் நின்று, "கஸ்பார் அண்ணன் மாதிரி ஒரு பக்திமான் இந்த ஊர்ல உண்டா? மூடிப்போன மில்லுக்காகச் சிலுவைப்பாதை செய்யணும்னு யாருக்குத் தோணுச்சு?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தனை பேரும் முழங்காலிட்டுவிட்டார்கள், நானும் இட வேண்டியதாயிற்று.

கேட்டில் காவலுக்கு இருப்பவர் நல்லுசாமி. உத்தரவு இல்லாமல் ஈ எறும்பைக்கூட உள்ளே விடமாட்டேன் என்று முந்தின வாரம்தான் என்னை விரட்டியிருந்தார், அதனால் வெளிச்சுவரைச் சுற்றி வருவதற்குத்தான் என் திட்டமே, உள்ளே இருப்பவற்றைச் சுவருக்கு மேல் கை நீட்டிக் காட்டுவதாக இருந்தேன். கூட்டம் முழங்காலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் பீடியை வீசிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "சாமி காரியம்னு முன்னாலயே சொல்லப்படாதா கணக்கய்யா? சாமியை வாசல்ல நிறுத்துனா நான் நல்லா இருப்பேனா?" என்று சொல்லி, மில் மூடிய நாளிலிருந்து திறக்காத கேட்டைத் திறந்தார். மச்சான், அந்தச் சத்தம்! பழைய ஷிப்டு ஆட்கள் டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் எல்லோரும் என் பின்னால் உள்ளே நுழைந்தார்கள்.

மூன்றாவது இடம் பஞ்சுக் குடோன். அங்கே நான் குடோனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டே கீழே பார்க்காமல் நடந்ததில், சாக்கடைக்கல்லில் கால் இடறிக் குப்புற விழுந்தேன். மூன்றாவது ஸ்தலத்தில் ஆண்டவர் முதல் முறை விழுவார் அல்லவா? பெண்கள் "ஐயோ!" என்று உருகிப் போனார்கள். "பாருங்கடி, எப்படி மனசார விழுந்தாரு!" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்ததைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஏழாவது இடத்தில், புகைபோக்கியின் அடியில், நான் எவ்வளவோ சரித்திரம் சொல்லியும் யாரும் புகைபோக்கியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மெல்ல என் அருகில் வந்து, "அண்ணே, இது ஏழாவது. இங்க ரெண்டாந்தடவை விழணும். செத்த நேரம் பொறுத்து விழுந்தாலும் சரி" என்றார். நான் விழவில்லை. கூட்டத்துக்கு என்மேல் இருந்த மதிப்புக் கொஞ்சம் குறைந்தது உண்மை.

எட்டாவது இடம் ரீலிங் கொட்டகை. சிலுவைப்பாதையில் எட்டாவது ஸ்தலத்தில் பெண்கள் அழுதுகொண்டு நிற்பார்கள். இங்கே நிஜமாகவே அழுதார்கள். வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தக் கொட்டகையில் நூல் சுற்றியவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இக்கட்டடமானது..." என்று ஆரம்பித்தேன். அதுவரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்த தங்கள் தங்கை என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஒத்துங்க. ரீலிங்கைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? வாசல்ல உக்காந்து பேனா உருட்டுனவுக நீங்க. இந்தா, இந்தச் சன்னலோரம்தான் என் மிஷினு. தலை நிமிந்தா மலைக்கோட்டை தெரியும். எனக்குக் காய்ச்சல் கண்ட அன்னைக்கு, மேஸ்திரிக்குத் தெரியாம என் பங்கையும் சேத்து இழுத்தவ இந்த ஒச்சம்மா. இல்லேன்னா அன்னைக்கே என்னைச் சீட்டைக் கிழிச்சு அனுப்பியிருப்பாக" என்றாள்.

கூட்டத்திலிருந்து ஒச்சம்மாள், "நீ மட்டும் என்ன, எம்புள்ளைக்குப் பால் குடுக்க நான் வீட்டுக்கு ஓடுறப்பல்லாம் என் மிஷினையும் பாத்துக்கிட்டவதான! நீ இல்லேன்னா அது தங்கியிருக்காது ஆத்தா" என்று முன்னால் வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஓவென்று அழுதார்கள். நானும் அழுதேன் மச்சான், சொல்வதில் வெட்கமில்லை. அவர்கள் வந்ததையும் போனதையும் எழுதியவன் நான், உள்ளே என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருத்தர் பேசினார்கள், எனக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. பன்னிரண்டாவது இடத்துக்குப் போகும் வழியில் தங்கள் தங்கை என் பக்கத்தில் வந்து, "அண்ணனுக்கு எழுதிப் போட்டுருங்க. நான் எங்கயும் வரலை" என்றாள். முழங்கால் வலி அந்த நிமிஷமே பறந்துவிட்டது.

பதினாலாவது இடம் நம் வீடு. அந்த ஸ்தலம் கல்லறை என்பது எனக்கு மறந்துபோயிற்று, மற்ற எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. என் வீட்டு வாசலில் அத்தனை பேரும் தலை குனிந்து, இழவு வீட்டில் நிற்பது போல நின்று துக்கப் பாட்டு ஆரம்பித்தார்கள். ஜெயித்து வந்தவன் வீட்டைக் கல்லறை ஆக்கினால் பொறுக்குமா? வாசற்படியில் ஏறி நின்று கொஞ்சம் தாராளமாகவே பேசிவிட்டேன். மில் கட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் பங்களா எழும்புகிற வரை இந்த வீட்டில்தான் தங்கினார், இதன் உத்தரம் கப்பலில் வந்த பர்மா தேக்கு, இந்தச் சுவருக்கு நிகரான சுவர் ஜில்லாவிலேயே இல்லை என்றேன். இன்ஜினியர் மட்டும் நானாகச் சேர்த்தது. கைதட்டு அடங்க வெகு நேரம் ஆயிற்று. தங்கள் தங்கை அத்தனை பேருக்கும் மோர் கரைத்து ஊற்றினாள், டிரங்குப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

ஆகவே மச்சான், ஊர் சாகவில்லை என்பதையும், நாங்கள் மதுரைக்கு வருவதாக இல்லை என்பதையும் தங்களுக்கு மிகுந்த சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த முறை தாங்கள் வரும்போது நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வரவும். பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரமும், சிறுவர்களுக்கு எங்கள் முத்தங்களும், தங்கள் வீட்டு வாசலைத் தாண்டுகிற அத்தனை பேருக்கும் மாதாவின் ஆசீரும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ம. கஸ்பார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வீட்டுச் சொந்தக்காரர் உடையப்பன் வந்தார். எரியோட்டுக்காரர், வெங்காய வியாபாரம், மில் சொத்தை ஏலம் விட்டபோது லைன் வீடுகளை மலிவாக வாங்கிப் போட்டவர். சனிக்கிழமை கூட்டத்தில் அவரும் மனைவி பொன்னழகும் நின்று என் பேச்சைக் கேட்டார்களாம். "கூரை ஒழுகுது, சுவரு உப்புதுன்னு வருசா வருசம் சொல்லி என்னை ஏமாத்திப்புட்டீகளே கணக்கய்யா! துரை தூங்குன அறையிலதான் நானும் தூங்குவேன்னு எம்பொஞ்சாதி ஒத்தக்கால்ல நிக்கிறா. சித்திரை பொறந்ததும் நாங்க குடி வர்றோம், நீங்க வேற வீடு பாத்துக்கங்க" என்றார். துரையும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் நான் விட்ட கதை என்று பைபிள் மேல் கை வைத்துச் சொன்னேன். "பெரிய மனுசக இப்படித்தான் அடக்கமாப் பேசுவாக" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இங்கே காலியாக இருந்த மற்ற வீடுகளையும் சனிக்கிழமைக்குப் பிறகு ஆளுக்கொன்றாக வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள். ஆகையால் மச்சான், தங்கள் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு பார்க்கவும். எந்த வீடானாலும் சரிதானாம். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கக் கூடாது, அது ஒன்றுதான் தங்கள் தங்கையின் நிபந்தனை.