தேயுஸும் தெயோஸும்

முப்பத்திரண்டு வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்பது லத்தீன் வாத்தியாருக்கு ஓய்வுபெற்ற நான்காம் மாதம்தான் தெரிந்தது.

பழைய புத்தகக் கடையில் வாங்கிவந்த தடித்த அகராதி ஈவிரக்கமில்லாமல் சொன்னது: லத்தீனில் கடவுளுக்கு வழங்கும் 'தேயுஸ்', ஒளிரும் வானத்தைக் குறித்த ஆதிச்சொல்லின் வழி வந்தது. 'ஜூபிடர்' என்றால் வான் அப்பா. கிரேக்கர்களின் 'தெயோஸ்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"ரெண்டும் கூடப்பிறந்ததுன்னு போர்டுல கோடு போட்டுக் காட்டினேனே!"

"இப்ப யார் வந்து கேட்டாங்க?" என்றாள் மனைவி.

வாத்தியாருக்கு மனசு ஆறவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்து மாணவர்கள் ஒன்பது பேர். அவர்களிடமாவது சொல்லிவிட வேண்டும். முதலில் அவர்களில் இப்போது பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்குப் போன் போட்டார்.

"ஐயையோ! யார் சார் உங்ககிட்ட சொன்னது?"

"அகராதி."

"விட்டுத்தள்ளுங்க சார். மத்தவங்ககிட்ட மூச்சு விடாதீங்க."

என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறானே என்று வாத்தியாருக்கு உறுத்தல் இரட்டிப்பானது. உடனே அதே வகுப்பில் படித்து நர்ஸானவளைப் போனில் கூப்பிட்டார்.

"பெரிய தப்பு பண்ணிட்டேன்மா. இனிமே என்னால தாங்க முடியாது..." குரல் உடைந்தது.

"சார்! அப்படியே உட்காருங்க. எதுவும் பண்ணிக்காதீங்க. நாங்க வர்றோம்!"

ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். நாற்காலி நாலு, கப் ஆறு. மனைவி அடுக்களைக்கும் கூடத்துக்குமாக ஓடினாள். நர்ஸ் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே அன்றைய வகுப்பு வரிசையில். நரைத்த தலைகளுக்கு நடுவே வாத்தியாருக்கு ரிப்பன் பின்னல்களும் மைக்கறை விரல்களும் தெரிந்தன. சாக்பீஸ் வாசனைகூட வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, காலண்டரின் முதுகில் இரண்டு சொற்களையும் எழுதி, நடுவில் இருந்திருக்கக் கூடாத கோட்டையும் போட்டு அடித்தார்.

"உங்களுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வகுப்பில் வாயே திறக்காதவள், இப்போது தையற்கடை வைத்திருப்பவள், கதவோரத்திலிருந்து எழுந்தாள்.

"நீங்கதான் எங்களை மன்னிக்கணும் சார். நீங்க அவ்வளவு சந்தோஷமா நடத்தின பாடம் அது ஒண்ணுதான். அதான், உங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு, லைப்ரரி அகராதியில அந்தப் பக்கத்தை அன்னிக்கே நாங்க கிழிச்சுட்டோம்."