ராணிக்குக் கடல் வைத்தியம்

அரைகுறை வைத்தியனுக்கு நோயாளி வாயில்லாப் பிராணியாக அமைந்துவிட்டால் அவனைக் கையில் பிடிக்க முடியாது. நான் அப்படி ஒருவனாக இருந்தேன்.

கல்யாணமாகித் திருவாடானையிலிருந்து வந்த மனைவி தன் நாய் ராணியையும் கூட்டி வந்தாள். உண்ணி பிடிக்காமலிருக்க மாதாமாதம் அதன் பிடரியில் விட ஒரு சொட்டு மருந்தும் கூடவே வந்தது. அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். (மாமனார் வீட்டில் நல்ல பெயர் எடுக்க வேறு வழி தெரியவில்லை.) ஆனால் மருந்தைப் பிரிக்கவே இல்லை. மிளகாய்ச் செடிக்குத்தான் மருந்தடிக்கிறோம், நாய்க்குமா என்று அலட்சியம். ராணி காதைச் சொறிய ஆரம்பித்தபோதும் அசரவில்லை. உப்புத் தண்ணீரில் முக்கினால் எந்த உண்ணி பிழைக்கும்?

வண்டியில் உட்காரவைத்துச் சேதுக்கரைக் கடலுக்குக் கூட்டிப்போனேன். அன்று அமாவாசை, ஊரே திதி கொடுக்கத் திரண்டிருக்கும் என்பது கரையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. வந்தது வந்தாயிற்று என்று ஓரமாக முக்கி எடுத்தேன். ராணி என் பிடியை உதறிக்கொண்டு ஓடி, எல்லோர் மேலும் ஈரத்தைச் சிலுப்பிவிட்டு, ஒருவர் இலையில் வைத்திருந்த பிண்டத்தை விழுங்கிவிட்டது.

"தம்பி, அது எங்கய்யாவுக்கு வச்சது" என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ராணி சோற்றைத் தொடவில்லை. பிண்டம் செரிக்கவில்லை போலும் என்று சும்மா இருந்துவிட்டேன். (மனைவியிடம் மூச்சு விடவில்லை.) மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டரம்மா காது மடலை விரித்தார். உள்ளே கொத்துக் கொத்தாக உண்ணி.

"உண்ணிக்காய்ச்சல். ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு, பொழைக்கிறது கஷ்டம்தான். சொட்டு மருந்து ஒழுங்கா விட்டீங்களா?"

"அதெல்லாம் இவரு தவறாம விட்டுருவாரு மேடம்" என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கடலில் முக்கினால் உண்ணி சாகாது, வீட்டுச் சுவர் விரிசலில்கூட முட்டையிட்டுப் பெருகும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் துவண்டு கிடந்த ராணி மட்டும் என் கையை நக்கியது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

ஊசியும் குளுக்கோஸுமாக ராணி ஒருவழியாகப் பிழைத்தது. சொட்டு மருந்து இப்போது மனைவியின் பொறுப்பு. சுவர் விரிசலைப் பூசுவது என்னுடையது.

இன்றைக்கும் எனக்குத் தலைவலி, காய்ச்சல் என்று எது வந்தாலும் வீட்டில் மாத்திரை கேட்க முடியாது. மாமனார் உட்பட எல்லோரும் கேட்கும்படி மனைவி சொல்வாள்:

"மாத்திரை எதுக்குங்க? வண்டியில ஏறுங்க, சேதுக்கரையில ஒரு முக்கு முக்கிக் கூட்டியாறேன்."