காத்தாடி நுழையாத வீடு

மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையில் பிறந்தவன் வீட்டில் மின்காத்தாடி சுற்றினால் பரம்பரைக்கே கேவலம் என்பது வேலப்பனின் கொள்கை. ஈப்போவிலிருந்து வந்த மச்சான் புனிதனிடம் இதை மார்தட்டிச் சொன்னான். "உங்க ஊரு வெந்நீர்ப் பானைலா. எங்களுக்குக் காத்தாடி எதுக்கு?"

மச்சான் அதைத் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் ஈப்போவுக்குத் திரும்பினான். இனிமேல் காத்தாடி உள்ளே வந்தால் வேலப்பனின் மானம் வெளியே போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அவன் கொள்கையைக் கேட்கவில்லை. பத்து மணிக்கே தகரக் கூரை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் ஆறு நாள் நின்ற கால்களை நீட்டி, தலையில் ஈரத்துண்டோடு தரையில் கிடந்தான்.

மனைவி ருக்குமணி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஒரு காத்தாடி வாங்கலாமா?"

"நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது. மலைக்காரனுக்கு இயற்கையே போதும்லா."

அவள் சண்டை போடவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, இயற்கையாவே செய்வோம். தரையில தண்ணி ஊத்தித் தேய்ங்க, சில்லுன்னு ஆயிடும்."

தேய்த்தான். மூலை முடுக்கெல்லாம் தேய்த்தான். ஐந்து நிமிடம் சில்லென்று இருந்தது.

"கூரைக்குத் தண்ணி அடிச்சா சூடு இறங்கும். அப்படியே அந்தச் சருகையும் தள்ளிவிடுங்க."

ஏறினான், தள்ளினான், தண்ணீர் அடித்தான். இறங்கும்போது அவன்தான் நனைந்திருந்தான்.

"பாவம், கால் சுட்டிருக்கும். இந்தத் தொட்டியில நில்லுங்க, குளிர்ச்சி மண்டைக்கு ஏறும்."

நின்றான். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் காலடியில் ஏதோ மெத்தென்று பட்டது.

"என்னடி இது?"

"கம்பளி. வெறும் தொட்டி வழுக்கும்லா."

"நுரை வருதே?"

"சவுக்காரம். பித்தவெடிப்புக்கு நல்லது. சும்மா நிக்காதீங்க, மிதிங்க. அப்பத்தான் ரத்தம் ஓடும்."

மூன்று வருடமாக அந்தக் கம்பளிகளைத் துவைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். "இந்தப் பனியில காயாது" என்று அவனும் தட்டிக்கழித்து வந்தான். இப்போது ஆறு கம்பளிகளையும் மிதித்து முடித்துவிட்டான்.

வேலியோரம் பக்கத்து வீட்டு மோகனா வாயைப் பிளந்து நின்றாள். "என்னண்ணே, துவைக்கிறீங்களா?"

"துவைக்கிறதாவது? இது மலை வைத்தியம்மா!"

"ஈரக் கம்பளியை ஜன்னல்ல தொங்கவிடுங்க," என்றாள் ருக்குமணி. "உள்ள வர்ற காத்து ஐஸ் மாதிரி இருக்கும்."

தொங்கவிட்டான். இருந்த காற்றும் நின்றது.

மூன்று மணிக்கு மேகம் மூடியது. வெயில்தான் போனது, புழுக்கம் போகவில்லை. இன்னும் ஈரமாயிருந்த கம்பளிகளைத் தொட்டுப் பார்த்த ருக்குமணி, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். உள்ளே புத்தம் புதுக் காத்தாடி!

"எப்ப வாங்கினே?"

"போன மாசம், பிரிஞ்சாங் பசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில."

"ஐயோ, யாராச்சும் பாத்துடப் போறாங்க!"

"எப்படிப் பாப்பாங்க? ஜன்னலெல்லாம் கம்பளி."

காத்தாடியைக் கம்பளிகள் பக்கம் திருப்பி வேகத்தைக் கூட்டினாள். வேலப்பனுக்கு முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. கொள்கையும் அதோடு ஓடிக்கொண்டிருந்தது.

"ருக்கு... கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பேன்."

"சும்மா இருங்க. எந்தம்பி புனிதன் காதுல விழுந்தா உங்க மானம் என்னாவறது?"

வேலப்பனின் மானம் காப்பாற்றப்பட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் காற்று வாங்கியவை ஆறு கம்பளிகள் மட்டும்தான்.