குழந்தை விருப்பத் துறையும் நூற்றுக்கு நூறும்

ஹௌகிலம்பி நகரில் குழந்தை பெற ஆசைப்படுகிறவர்கள் நகராட்சியின் குழந்தை விருப்பத் துறையில் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். இதில் கேலி ஒன்றுமில்லை. பின்லாந்தில் மீன் பிடிக்கவே அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள். குழந்தை என்ன மீனை விட மட்டமா?

என் பக்கத்து வீட்டு வெய்க்காவும் அவன் மனைவி தூலியும் குழந்தைக்காக மூன்று வருஷம் காத்திருந்தார்கள். தூலிக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. தலைநகரத்துச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நகராட்சியின் கடிதம் வேண்டும். கடிதம் வேண்டுமென்றால் 'கருத்தரிப்புக்கு முந்தைய வாழ்க்கைமுறைச் சீரமைப்புத் திட்ட'த்தில் பன்னிரண்டு வாரம் இருந்து, முடிவில் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும்.

திட்ட அதிகாரி ஹுத்தினென் அம்மையார் படிவத்தைப் பிரித்தார்.

"காபி கூடாது. பீர் கூடாது. சுட்ட சாசேஜ் கூடாது. தம்பி, நீங்க சவுனா நீராவிக் குளியல் பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாது. ஆம்பளைங்களுக்கு அந்தச் சூடு ஆகாது."

வெய்க்காவின் முகம் வெளுத்தது. "மூணு மாசம் சவுனா இல்லாம இருந்தா நாத்தம் அடிக்காதுங்களா?"

"நாத்தத்துக்கு மதிப்பெண் கழிக்க மாட்டோம்."

சனிக்கிழமை தூலியின் அப்பா ஆஹ்தி வழக்கம்போல் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருந்தார். ஆள் வரவில்லை.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு என் சவுனா புடிக்கலையா, இல்ல என்னையே புடிக்கலையா?"

"சூடு ஆகாதாம்ப்பா. குழந்தைக்காக."

"எங்கப்பா வாரத்துக்கு நாலு தடவை உக்காந்தாரு. நாங்க ஒன்பது பேரு!"

கிழவர் கோபித்துக்கொண்டு தனியாகவே உள்ளே போனார்.

இரண்டாம் மாதம் இருவர் கையிலும் நாடியையும் தூக்கத்தையும் அளக்கும் பட்டை கட்டப்பட்டது. வெய்க்காவின் குறட்டையால் தூலியின் தூக்கத்துக்கு ஒன்பது மதிப்பெண் போயிற்று. மேற்படி தம்பதியர் உடனே தனித்தனி அறையில் படுக்கத் தொடங்கினார்கள். குழந்தையைப் பற்றிப் பேசினால் நாடி எகிறியது. ஆறு மணிக்கு மேல் அந்தப் பேச்சும் தடை. எட்டாவது வாரம் நூற்றுக்கு நூறு வந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம்," என்றாள் தூலி, ஹுத்தினென் அம்மையாரிடம். "நாங்க ரெண்டு பேரும்... எப்போ?"

"எது எப்போ?"

"அதுதாங்க."

அம்மையார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லாம குழந்தை எப்படிங்க வரும்?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் 'இதர மிதமான உடற்பயிற்சி' இருக்கு. அதுல பாத்துக்குங்க. நாடி நூத்தி இருபதைத் தாண்டக் கூடாது."

தூலி வெளியே வந்து சைக்கிள் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள்.

நடுக்கோடை விடுமுறை வந்தது. இருவரும் பட்டைகளை அவிழ்த்து ஏரியில் வீசிவிட்டு, ஆஹ்தியின் ஏரிக்கரைக் குடிலில் நாலு நாள் தங்கினார்கள். சவுனா, பீர், கருகக் கருகச் சுட்ட சாசேஜ். மீதியை எழுத இந்தக் கதையிலும் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் தூலி கர்ப்பம். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அலுவலகத்துக்கே போய் நடந்ததைச் சொன்னாள்.

"அந்த நாலு நாளுக்கும் சுழியம்," என்றார் அம்மையார். பிறகு யோசித்தார். மூன்று வருஷத்தில் திட்டத்துக்குக் கிடைத்த முதல் கர்ப்பம் அது. "சரி, அந்த நாலு நாளையும் எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா குழந்தை எங்கேருந்து வந்துச்சு?"

"திட்டத்துலேருந்து."

ஊரெல்லாம் சுவரொட்டி: கையில் கேரட்டுடன் சிரிக்கும் தம்பதியர். கடையில் யாராவது ரகசியம் கேட்டால், வெய்க்கா கூச்சமில்லாமல் "கேரட்" என்பான். முந்நூறு தம்பதியர் பதிவு செய்தார்கள். நானும் என் மனைவியும் அதில் அடக்கம்.

அலுவலகத்துக்கு இடம் போதவில்லை. நகரில் பிறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டபடியால், நகர ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மூடி அந்தக் கட்டடத்தைத் திட்டத்துக்கே வழங்குவதென்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

பிப்ரவரியில் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட நிறைமாதம் நெருங்கிய தூலியைத்தான் அழைத்திருந்தார்கள். வெளியே முழங்கால் அளவு பனி. அடுத்த பிரசவ ஆஸ்பத்திரி நூற்று நாற்பது கிலோமீட்டர்.

கத்தரிக்கோலைப் பிடித்தபடியே அவள் கேட்டாள்: "அப்போ என் குழந்தை எங்கங்க பொறக்கும்?"

அம்மையார் ஒலிபெருக்கியில் கனிவாகச் சொன்னார்: "பிறப்பு எங்க துறை இல்லம்மா. நாங்க விருப்பத்தோட சரி."

நியாயமான பதில்தான். நாங்கள் முந்நூறு தம்பதியரும் எழுந்து நின்று கைதட்டினோம்.