சம்பந்தி, நான் கடலை ஆற்றிவிட்டேன்

அன்பிலும் பொறுமையிலும் என்னைவிடப் பெரியவரான சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் எழுதுவது. பிள்ளைகள் இருவரும் நலம். சம்பந்தி அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நிலைமை கீழே.

இப்படி ஒரு மகளைப் பெற நீங்கள் கொடுத்துவைத்தவர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று தன் ஆய்வுக்கூடத்தைக் காட்ட என்னைக் கூட்டிப்போனாள். அங்கே ஆள் உயரக் கண்ணாடித் தொட்டி, அது நிறையக் கடல்தண்ணீர், பாதி ஆழத்தில் விரல் தடிமனுக்குப் பச்சையாக, பாலேடு போல ஒரு ஏடு. "இது நுண்பாசி மாமா. கீழ போனா மேயுற பூச்சி தின்னுடும். பூச்சி மேல வந்தா மீன்குஞ்சு அதைத் தின்னுடும். இதுங்க சண்டைக்கு நடுவுல பிழைச்சு நிக்குது பாருங்க, கரையோரக் கடல்லயும் இப்படித்தான்" என்றாள். கால் நனைத்துவிட்டு வந்த கடலுக்குள் இத்தனை மாடிக் குடித்தனமா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இந்த ஆய்வைத் தொடர விடுவதா, மூடுவதா என்று முடிவுசெய்ய நேற்றே ஒரு குழு வந்திருந்தது. அதில் கண்ணாடி போட்ட ஒருவர், பூச்சி, மீன் சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, அது சும்மா படிந்த பாசிதான் என்று முன்பே பிடிவாதமாக இருந்தாராம். மருமகள் அவர்களை அழைத்துவர வாசலுக்குப் போனாள். நானோ வாழ்நாளெல்லாம் டீக்கடை மாஸ்டர், எது கலக்காமல் நின்றாலும் கை சும்மா இருக்காது, பக்கத்தில் குவளை வேறு இருந்தது, மொண்டு தலைக்குமேல் தூக்கி ஆற்று ஆற்றென்று ஆற்றிவிட்டேன், நுரைகூட வந்தது. "என்ன மாமா பண்ணிட்டீங்க" என்றாள் குழுவோடு உள்ளே வந்தவள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொட்டி முழுக்க ஒரே வெளிர்பச்சை. கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. உங்கள் வீட்டில் ஒரு மூலை ஒதுக்குங்கள், வந்துவிடுகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம். உங்கள் வீட்டுப் பாத்திரம் எதையும் தொடமாட்டேன் என்று உறுதி கூறும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை அனுப்ப மனம் வராமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். இன்று மருமகள் சிரித்துக்கொண்டே வந்தாள். மீன்குஞ்சு மேலே ஏறி, பூச்சி பயந்து கீழே இறங்கி, பச்சை ஏடு பழைய இடத்திலேயே வந்து நிற்கிறதாம். "படிஞ்ச பாசின்னா அடியிலதானே போய் உக்காந்திருக்கும்" என்று கண்ணாடிக்காரரே ஒப்புக்கொண்டாராம், ஆய்வு தொடர்கிறதாம். இனி மீன்குஞ்சு இல்லாத தொட்டியிலும் கலக்கி, ஏடு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டுமாம். "நீங்கதான் வரணும் மாமா, அந்த உயரத்துக்கு ஆத்த எங்க யாருக்கும் கை வரல" என்கிறாள். ஆகவே நான் அங்கே வரவில்லை. எனக்கு வேலை இருக்கிறது.