சுங்கானரின் இரண்டாம் நுரை

முரசுமோட்டையில் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரேயொரு மனிதர் சுங்கானர்தான். வெள்ளம் வீட்டுப்படி ஏறினாலும், இரண்டாம் முறை நுரை பூசி முகம் வழித்து முடித்துவிட்டுத்தான் வள்ளத்தில் கால் வைப்பார்.

எங்கள் பக்கத்து வளவுக்காரர். வாய்க்கால்களை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். புகையிலை அடைக்கும் மரச் சுங்கான் எந்நேரமும் வாயில் இருப்பதால் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயரைத் தபால்காரரே மறந்துவிட்டார்.

காலையில் எங்கள் வேலியில் நட்ட கதியால் தடியில் கண்ணாடியைக் கொழுவுவார். கோப்பையில் சவர்க்காரத்தைப் போட்டுப் பிறஷைச் சுழற்றுவார், சளக், சளக். முகம் முழுக்க நுரை. வழிப்பார். திரும்பவும் நுரை, திரும்பவும் வழிப்பு. அது முடிந்தால் சுங்கான். கிளறுவார், தட்டுவார், ஊதுவார், அடைப்பார், அழுத்துவார், பற்றவைப்பார். அது அணைந்துபோகும். முதலிலிருந்து தொடங்குவார்.

"ஐயா, உந்த ரெண்டுக்கும் அரை நாள் போகுதே, வேற வேலை இல்லையோ?" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

"இதுதான் தம்பி வேலை. அவசரப்பட்டா ஒண்டு நாக்கைச் சுடும், மற்றது நாடியை வெட்டும். ஆளைத் தன்ர வழிக்குக் கொண்டுவாற சாமானுகள். மிசின் அப்பிடியே? அதுக்கு ஆளே தேவையில்லை."

லண்டனிலிருந்து அவருடைய மகள் அனுப்பிய சவர மிசினும் அவரிடம் வீணாகவில்லை. மாமரத்தடியில் நின்று அதை இயக்குவார். அந்த இரைச்சலுக்குக் குரங்குகள் ஓடிவிடும்.

எனக்கு அந்தப் புகை என்றால் பயம். என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் யன்னல் திறப்பேன். "புகையைக் கொஞ்சம் தள்ளி..." என்று அவரிடம் சொல்லக் குசினி அடுப்படியில் பலமுறை ஒத்திகை பார்த்தேன். வேலிவரை போவேன், முருங்கையிலை ஆய்ந்துகொண்டு திரும்பிவிடுவேன். முதியவரிடம் அப்படிச் சொல்லலாமா? பிள்ளைக்காகச் சொல்லாமல் விடலாமா?

அதைவிடப் பெரிய கவலை, மகள் சாப்பிடமாட்டாள். கிளினிக்கில் நிறை ஏறவில்லை. "அடுத்தமுறையும் ஏறாட்டி பெரியாஸ்பத்திரிக்குக் காட்டவேணும்" என்று மிட்வைஃப் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பாட்டுப் போட்டேன், காகம் காட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டாள்.

ஒருநாள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். சுங்கானர் நுரை பூசினார். மகள் வாயைப் பிளந்தாள். சொதியில் குழைத்த இடியப்பத்தை உள்ளே வைத்தேன். விழுங்கினாள். இரண்டாம் நுரைக்குள் இடியப்பக் கோப்பை காலி.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை அந்த வேலிதான்.

அடுத்த கிளினிக் நெருங்கும்போது, யாழ்ப்பாணத்தில் சுங்கானரின் பெரியப்பா மகன் காலமானார். தொண்ணூறைத் தாண்டியவர். சாவுத் துடக்கு, அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை முகம் வழிக்கக் கூடாது. கதியாலில் கண்ணாடி இல்லை. மகள் வேலியைப் பார்த்தாள், வாயை மூடினாள்.

ஒருவர் இறந்திருக்க நான் இடியப்பத்துக்கு அழுகிறேனே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போய்க் கேட்டேன். "ஐயா, வழிக்க வேண்டாம். நுரையை மட்டும் பூசினா குற்றமோ?"

சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "பூசிப்போட்டு வழிக்காமல் விடுறது நுரைக்குச் செய்யிற துரோகம், பிள்ளை." பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். "தம்பிக்கு நல்ல தாடி என்ன?"

என் கணவரின் தாடி கலியாணத்துக்கு முந்தியது. அதற்கென்று தனி எண்ணெய், தனிச் சீப்பு.

"இஞ்சாருங்கோ," என்றேன். "பிள்ளையின்ர நிறை முக்கியமோ, தாடி முக்கியமோ?"

"இப்பிடிக் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?" என்று கத்தரிக்கோலைத் தேடிப் போனார்.

கதியாலில் எங்கள் கண்ணாடி ஏறியது. துடக்கு என்பதால் சுங்கானர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சுங்கானை நீட்டி நீட்டிப் பாடம் நடத்தினார்.

"வட்டமாச் சுத்துங்கோ தம்பி. உது முகம், வயலில்லை. மருந்தடிக்கிற மாதிரி அடியாதையுங்கோ... பிளேட்டை அமத்தாதையுங்கோ, அது தன்ர பாட்டில போகும்... சரி, வெட்டிப்போட்டியள். இனி ரெண்டாம் நுரை."

"இன்னொருக்காவோ?"

மகள் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துத் துடைத்தாள். கணவர் முகத்தைக் கழுவித் திரும்பினார். நான் கட்டிய மனிதரின் நாடியை அன்றுதான் முதன்முதல் கண்டேன். மகளும் அன்றுதான் கண்டாள். "அப்பா எங்க?" என்று வீரிட்டு, தாடி முளைக்கத் தொடங்கியிருந்த சுங்கானரிடம் வேலிக்கு மேலால் கையை நீட்டினாள்.

அவர் ஓரடி பின்வாங்கினார். அப்போதுதான் கவனித்தேன், வாயில் சுங்கான் இருக்கிறது, புகை இல்லை.

"அணைஞ்சு போச்சோ ஐயா?"

"சின்னவள் வேலிக்கு வரத் தொடங்கினதில இருந்து இஞ்சால பத்த வைக்கிறேல்ல, பிள்ளை. வயல் வரம்புக்குப் போய்த்தான்."

என் ஒத்திகை எல்லாம் வீண்.

அந்த முறை கிளினிக்கில் நிறை ஏறியது. இப்போது மகள் கதிரையில் இருந்து தானாகவே சாப்பிடுகிறாள். வேலிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் காலையில் அந்தப் பிறஷ் சளக், சளக் என்று கேட்கும்வரை எனக்குத்தான் இடியப்பம் தொண்டையில் இறங்குவதில்லை.