அக்னிச் சாமியின் சூட்டுப் பொட்டலம்

பீடோர் பக்கத்தில் மூடிப்போன எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணியின் பழைய வீட்டில் அக்னிச் சாமி குடியேறியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் நிறுத்த இடமில்லை. மூட்டுவலிக்காரர்கள், விரல் மரத்தவர்கள், சும்மா பார்க்க வந்து வாங்கிப் போகிறவர்கள். சாமி திரைக்குப் பின்னால் போவார். சிவப்புத் துணிப் பொட்டலத்தோடு வருவார். மந்திரம் சொல்லிக் குலுக்குவார். பொட்டலம் சூடாகும். மலேசிய வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டே, சூடு வாங்கக் கூட்டம் முண்டியடித்தது.

அந்த வரிசையில் சுகுமாரனும் நின்றார். ஜெலாப்பாங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி தினேஸ்வரியோடு கொரியாவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறார்; கை விறைத்துவிடுமோ என்று பயம். ஊருக்கெல்லாம் கையுறை அனுப்புகிறவர், தன் கைக்கு மந்திரம் வாங்கினார்.

மறுநாள் பொட்டலம் ஆறிக் கிடந்தது. போன் செய்தார். அக்னி உறங்குகிறது, பனியைக் கண்டால் விழிக்கும், தடித்த கையுறை போட்டு அதன் மூச்சை அடைக்காதே என்றார் சாமி. சுகுமாரன் அதையும் நம்பினார். எதையும் அரைகுறையாக நம்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

கொரியாவில் மலைச்சரிவில் காற்று ஊசியாய்க் குத்தியது. தினேஸ்வரி மெல்லிய உறைக்கு மேல் தடித்த உறையும் மாட்டியிருந்தாள். சுகுமாரனுக்கு மெல்லியது மட்டும்; உள்ளங்கையில் அக்னி. விழுந்து எழுந்ததில் உறை நனைந்தது. விரல்கள் வெளுத்து மரக்கட்டையாயின. சறுக்குக்கோல் நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. தினேஸ்வரி பதறிப்போய் அவர் கைகளைத் தன் ஜாக்கெட்டுக்குள் இழுத்து அக்குளில் அழுத்திக்கொண்டாள். உணர்வு திரும்பியபோது வலியில் அவர் அழுதேவிட்டார்.

அடிவாரக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, உள்ளிருந்த பையைக் குலுக்கிக் கொடுத்தார். சூடாயிற்று. சுகுமாரன் தன் சிவப்புத் துணியைப் பிரித்தார். அதே பை. அதே கொரிய எழுத்து.

"சாமிக்குக் கொரிய மொழி தெரியுமாங்க?" என்றாள் தினேஸ்வரி. பையைவிட அந்தக் கேள்விதான் அதிகம் சுட்டது.

ஊர் திரும்பிய ஞாயிறே இருவரும் வரிசையில் நின்றார்கள். தினேஸ்வரி அடிவாரக் கடையில் வாங்கிய பிரிக்காத பிளாஸ்டிக் உறையொன்றை நீட்டினாள்.

"சாமி, மூடினபடியே இதைச் சூடாக்குங்க."

சாமி மந்திரம் சொன்னார். உரக்கவும் சொன்னார். உறை சில்லென்று கிடந்தது. பக்தி குறைவு என்றார். அவள் உறையைக் கிழித்து, இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பையைக் குலுக்கிக் கூட்டத்திடம் கொடுத்தாள். கை மாற மாறச் சூடு ஏறியது. உள்ளே இருப்பது இரும்புத்தூள், காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும், துருப்பிடிக்கையில் சுடும், அவ்வளவுதான் என்று விளக்கினாள். யாரோ திரையை விலக்கினார்கள். கிழிந்த உறைகள் கூடை கூடையாய்க் கிடந்தன. சாமி பின்வாசலைத் தேடினார்.

நீங்கள் எப்படி ஏமாந்தீர்கள் என்று ஒருவர் சுகுமாரனைக் கேட்டார்.

"கைக்குப் போட வேண்டிய உறையை நான் மூளைக்குப் போட்டுட்டேன் லா."

கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்த ஒருவர் தினேஸ்வரியிடம் பணிவாக வந்தார்.

"அக்கா, முட்டிவலிக்கு எத்தனாம் வாய்ப்பாடு?"

பையைக் குலுக்கினால் சூடு வருகிறது. மண்டையை எப்போது குலுக்கப் போகிறோம்?